சிரிப்புத் தொட்டி

இந்தக் கோயிலுக்கு ஓடு போடாத காலம். ஓலைக்கூரையும் மண்சுவரும் மட்டும் இருந்த காலம். இதே கடம்பன்விளையில, தேரி மணல் பறந்து வந்து கஞ்சிச் சட்டியில விழுற ஒரு வீட்டுல, அருமைக்கனின்னு ஒரு மருமவ இருந்தாளாம்.

நீங்க முகத்தச் சுளிச்சத நான் பாத்தேன். ஒங்க பேரன் ஞானஸ்நானத்துல கோயில் முழுக்கக் கெக்கெக்கேன்னு சிரிக்காவளே, இதென்ன கிறுக்குப் பிடிச்ச ஊருன்னு நெனச்சிருப்பிய. பொண்ணு குடுத்த வீட்டுக்காரிய நீங்க. இத நீங்க தெரிஞ்சிக்கிடணும்லா? அந்தச் சிரிப்பு அருமைக்கனி வச்சிட்டுப் போனது. பந்திக்கு எலை போட நேரம் இருக்கு, சொல்லுதேன், கேளுங்க.

அவ மாமனாரு பேரு ஈசாக்கு. அந்த வீட்டுல மொதல்ல கிறிஸ்து வேதத்துக்கு வந்தவரு அவருதான். பேரு வைக்கப் போனப்போ அவரு மூஞ்சி காஞ்ச பனங்காயா இருந்துச்சாம். அவரு சிரிச்சு ஊருல யாரும் பாத்ததே இல்லையாம். உபதேசியாரு ஒரு பார்வ பாத்துட்டு, "ஒமக்கு ஈசாக்குன்னு வைப்போம்வே. எபிரேயு பாஷையில அதுக்கு அர்த்தம் சிரிப்பு. மூஞ்சியிலதான் இல்ல, பேருலயாவது இருக்கட்டும்"ன்னாவளாம். பேரு வந்துச்சு. சிரிப்பு வரலன்னு சொல்லுதாவ.

அந்தக் காலத்துல மருமவ மாமனாரு பேரச் சொல்லக் கூடாது. சொன்னா குடும்பத்துக்கே கேவலம். அருமைக்கனியோ உபதேசியார் வீட்டம்மாகிட்ட எழுத்துப் படிச்சவ. சாயங்காலம் வேதம் வாசிப்பா. ஈசாக்குன்னு வந்தா என்ன செய்வா? மூச்சு விடாம "மாமா"ன்னு மாத்தி வாசிப்பாளாம். "ஆபிரகாமு மாமாவக் கட்டி வெறகு மேல கெடத்துனாரு. மாமா ஒரு கெணறு வெட்டுனாவ. வயசாகி மாமாவுக்குக் கண்ணு மங்கிச்சு." கேக்குற பொம்பளையெல்லாம் சேலைத் தலப்ப வாயில வச்சு அமுக்கிக்கிடுவாவளாம். கெழவரு மட்டும் அசைய மாட்டாராம்.

ஆனா அவ மனசு சாராள் கதையிலயே நின்னுட்டு. வயசான காலத்துல ஒனக்குப் பிள்ளை பொறக்கும்னு சொன்னா, சாராள் தனக்குள்ள சிரிச்சாள்லா? அப்புறம் நெசமாவே பொறந்துச்சு. அதான் அவனுக்குச் சிரிப்புன்னு பேரு. கேட்டவிய எல்லாம் கூடச் சேந்து சிரிச்சாவ. இங்க அருமைக்கனிக்கும் கல்யாணம் ஆகி வருசம் வருசமா ஓடிட்டு, வயித்துல ஒண்ணும் தங்கல. கெணத்தடியில அவளப் பாத்து ஒரு சிரிப்பு சிரிப்பாளுவளாம், அது வேற சிரிப்பு.

அவ என்ன நெனச்சிக்கிட்டான்னா, மூத்த பேரனுக்குத் தாத்தா பேரத்தான் வைப்பாவ. மூத்த மருமவ நான். அப்ப அந்தப் பேரு என்னுது. என்னப் பாத்துச் சிரிச்சவளுவ ஒருநாள் என்கூடச் சிரிக்கணும். அத நெனச்சு நெனச்சுத்தான் அவ குடம் சுமந்தா, நெல்லு குத்துனா, ஏச்சுக் கேட்டா. அவகிட்ட இருந்த சொத்து அந்த ஒரு பேருதான், கேட்டியளா.

அப்பம் எளையவனுக்குக் கல்யாணம். வந்தா பாக்கியத்தாய்ன்னு ஒருத்தி. வந்த வருசமே மசக்கை. அடுத்த வருசம் ஆம்பளப் பிள்ளை.

அருமைக்கனி வயிறு எரிஞ்சா எரிஞ்சா, அப்படி எரிஞ்சாளாம். கொடியில பிள்ளைத் துணி காஞ்சா, தன் சேலையத் தள்ளிப் போடுவாளாம். வீட்டுக்குள்ள பால்வாடை அடிச்சா மூக்கப் பொத்திக்கிட்டு வெளிய போயிருவாளாம். பிள்ளைபெத்தவளுக்குச் சுக்கும் கருப்பட்டியும் இடிச்சு மருந்து கிண்டுறதும் இவ வேலதான். ஒரு கை மொளகக் கூடுதலா அள்ளிப் போட்டாளாம், அவளுக்கும் கொஞ்சம் எரியட்டும்னு. பாக்கியத்தாய் கண்ணுல தண்ணி வடிய வடியத் தின்னுட்டு, "அக்கா கைப்பக்குவம் யாருக்கு வரும்!"ன்னாளாம். அது இவளுக்கு இன்னும் எரிஞ்சுது. பிள்ளைய மட்டும் அவ தொடல. ஒரு நாளும் மடியில வாங்கல.

குருவானவரு எப்பவாச்சும்தான் இந்தப் பக்கம் வருவாவ. அவிய வாற நாளுல பிள்ளைக்கு ஞானஸ்நானம்னு முடிவாச்சு. பிள்ளையத் தொட்டிகிட்டப் பிடிச்சுக்கிட்டு நிக்கவும் பேரச் சொல்லவும் அத்தைக்காரிதான் வரணும். அவ காய்ச்சல்னு ஆள் அனுப்பிட்டா. அப்பம் வேற யாரு? மூத்த மருமவதான்.

கெழவரு கூப்பிட்டாராம். "அருமைக்கனி, நீ பிள்ளையப் பிடிச்சுக்கோ. பேர நீ சொல்ல முடியாது. குருவானவரு கேட்டதும் நானே சொல்லிருதேன்."

"சரி மாமா"ன்னாளாம். தலையக் குனிஞ்சுதான் சொன்னா. ஆனா உள்ளுக்குள்ள ஒரு எண்ணம் படக்குன்னு எந்திரிச்சு நின்னுட்டு.

கெழவருக்குத் தொண்டையக் காறாமப் பேச்சு வராது. அந்தக் காறலுக்குள்ள நான் ஒரு பேரச் சொல்லிட்டா? தண்ணி பட்டுட்டா பட்டதுதான், மாத்த முடியாது. ஈசாக்கு எனக்குத் தங்கிரும்லா. என்ன பேரு சொல்லலாம்? யாக்கோபு சம்சாரம் ராகேல் பிள்ளை பெத்துச் சாகக் கெடக்கையில, பெனொனின்னு ஒரு பேரு வச்சா. துக்கத்துக்குப் பொறந்தவன்னு அர்த்தம். தகப்பன் அத வேண்டாம்னு மாத்திட்டாரு. அந்த ஆகாத பேரத்தான் இவ எடுத்து மனசுல முடிஞ்சுக்கிட்டா. பச்சப்பிள்ளைக்கு! வயித்தெரிச்சல்னா அப்படித்தான், பாத்துக்கிடுங்க.

கோயில் நெறஞ்சு போச்சாம். கல்தொட்டி, அந்தா கெடக்கே, அதே தொட்டிதான். அருமைக்கனி பிள்ளைய மொதல் மொதல்ல கையில வாங்குனா. கனம் அவளுக்குப் புதுசு. எங்க பிடிக்கணும்னுகூடத் தெரியல. பிள்ளை என்ன செஞ்சான்? பொம்பள வாடை அடிச்சதும் மூஞ்சிய அங்கயும் இங்கயும் தேச்சு, அவ மாருல பால் தேட ஆரம்பிச்சுட்டான்.

பொம்பளையாளுவ பக்கத்துல ஒருத்தி முணுமுணுத்தாளாம். "ஏட்டி, அவன் பால் தேடுதான் பாரு. யாருகிட்டப் போயித் தேடுதான் பாரு!" இன்னொருத்தி கிசுகிசுன்னு சிரிச்சாளாம். அப்புறம் அந்த வரிசையே சிரிச்சுதாம்.

அருமைக்கனிக்குக் காது ரெண்டும் தீயா எரிஞ்சுது. அந்தச் சிரிப்புக்குப் பயந்துதானே அவ நாளக் கழிச்சா? இப்ப ஊரு முன்னாடி, கோயிலுக்குள்ள. சொல்லிப்புடணும், இப்பமே சொல்லிப்புடணும்னு பல்லக் கடிச்சுக்கிட்டு நின்னா.

"இந்தப் பிள்ளைக்குப் பேரிடுங்கள்"ன்னாவ குருவானவரு.

கெழவரு தொண்டையக் காற ஆரம்பிச்சாரு.

அருமைக்கனி, "பெ..."ன்னா.

அவ்வளவுதான். மாருல பால் கெடைக்காத பிள்ளை மேல ஏறி, அந்தப் பொக்க வாய அவ கழுத்துல வச்சு உறிஞ்சுட்டான். அவளுக்குக் கழுத்துக் கூச்சம் ரொம்ப. அது அவளுக்கே தெரியாது, எந்தப் பிள்ளை அங்க வாய வச்சுது? "பெ... ஹி"ன்னா. மறுபடி, "பெ... ஹிஹி"ன்னா. பல்லக் கடிச்சா, மூச்சப் பிடிச்சா. பிள்ளை விடல. அவ தோள் குலுங்குது, கண்ணுல தண்ணி தெறிக்குது, கல்யாணம் ஆன நாளுல இருந்து அடச்சு வச்ச சிரிப்பெல்லாம் தொறந்துக்கிட்டு வருது. சிரிச்சுக்கிட்டே துக்கத்தோட பேர எப்படிச் சொல்லுவா? வாயில அது நிக்கல. சிரிப்போட என்ன பேரு வருமோ அதுதான் வந்துச்சு.

"ஈசாக்கு!"ன்னு கத்திட்டா.

மருமவ மாமனாரு பேரச் சொல்லிட்டா. அதுவும் கோயில்ல. அதுவும் அவரு நிக்கையில. கெழவரு காறல் பாதியில நின்னுட்டு. அப்புறம் அவரு தொண்டையில இருந்து ஒரு சத்தம் வந்துச்சாம், ரொம்ப நாளா தண்ணி எறைக்காத கெணத்துல கப்பி உருளுற மாதிரி. என்னமோ ஏதோன்னு பயந்துட்டாவளாம் எல்லாரும். அது சிரிப்பு! ஈசாக்கு சிரிச்சுட்டாரு! அப்பம் சிரிச்சுதாம் பாருங்க கோயிலு, ஓலையெல்லாம் அதிர. குருவானவரு கை ஆடி, தண்ணி பாதி பிள்ளை தலையில, பாதி அருமைக்கனி மேல.

வீட்டுக்கு வந்ததும் அவ அழுதாளாம், வேலிப்பக்கம் போயி. பேரு போச்சுல்லா. தன் வாயாலயே எடுத்துக் குடுத்துட்டா. அதுக்கப்புறமும் அவளுக்கு ஒண்ணும் பொறக்கல. ஆனா ஒண்ணு கெடச்சுது. அந்தப் பேரு அவ வாயில வந்துட்டு. சொன்னது சொன்னாச்சு, இனி என்ன? விடிஞ்சதுல இருந்து "ஏலே ஈசாக்கு! ஈசாக்கு ராசா!"ன்னு அவ சத்தம்தான். பெத்தவ பாக்கியத்தாய் பேரச் சொல்ல முடியாம, "தம்பி, அய்யா"ன்னு கூப்பிட்டுக்கிட்டு கெடந்தா.

பிள்ளை எந்திரிச்சு நடக்குற பருவம். ஒருநாள் முத்தத்துல ஒரு பக்கம் பாக்கியத்தாய், "தம்பி வா"ங்கா. இந்தப் பக்கம் அருமைக்கனி, "ஈசாக்கு வா"ங்கா. பிள்ளை பேருக்குத் திரும்பிட்டான். தத்தக்கா பித்தக்கான்னு பெரியம்மைகிட்டப் போயி விழுந்தான். பாக்கியத்தாய்க்கு மூஞ்சி செவந்து, மூக்கு வெடச்சு, "ஏலே ஈசாக்கு! ஒன்னப் பெத்தவ நாம்லே!"ன்னு அலறிட்டா. வாசல்ல கெழவரு. அவரு மறுபடியும் கப்பி உருட்டுனாராம். "இன்னொரு தடவ சொல்லு தாயி"ன்னாராம்.

அருமைக்கனி பாக்கியத்தாய் மூஞ்சிய உத்துப் பாத்தா. அந்த மூஞ்சி அவளுக்கு நல்லாத் தெரியும். அது இவளோட பழைய மூஞ்சிதான். எம்புட்டு இனிச்சுதாம் அவளுக்கு! ஆசை தீரப் பாத்துட்டு, பிள்ளையத் தூக்கிப் பாக்கியத்தாய் மடியில போட்டாளாம்.

"எரியுதாட்டி? எனக்கும் இப்படித்தான் எரிஞ்சுது"ன்னாளாம்.

அன்னையில இருந்து எங்க ஊருல மருமவமாரு மாமனாரு பேரக் கூசாமச் சொல்லுவோம். அந்தக் கல்லுக்குச் சிரிப்புத் தொட்டின்னு பேரு. பிள்ளைய யாரு பிடிக்கணும்னா, அந்தக் குடும்பத்துல அந்தப் பிள்ளையப் பாத்து யாருக்கு வயிறு ரொம்ப எரியுதோ அவ. அவ பேரச் சொல்லணும், கோயில் சிரிக்கணும், அதுக்கப்புறம்தான் பெத்தவ சொல்லணும்.

இன்னைக்கு ஒங்க பேரனப் பிடிச்சுக்கிட்டு நின்னது ஒங்க மருமவனுக்குப் பெரியம்மையான நான்தான். என் கையில ஏன் குடுத்தாவன்னு இப்பத் தெரிஞ்சிருக்கும். எனக்குப் பேரன் பேத்தி இல்ல. எரியத்தான் செய்யுது, இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா இந்தா, இந்த எடத்துல, கழுத்துல வாய வச்சான் பாருங்க.

எலை போட்டுட்டாவ. எந்திரிங்க, போவோம்.