அடுப்பு என்ற ஒரு சொல்

வெற்றிலை வாசனை எனக்கு ஆகாது. அது ஒன்றைத் தவிர பாகீரதியம்மாளிடம் எனக்கு எந்த வெறுப்பும் இருந்ததில்லை. அவர் கொடுத்த டீயைக்கூட, டம்ளர் விளிம்பைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டுக் குடித்தேன்.

விசாரணைக் குழுவினராகிய நீங்கள் அன்றைய பேட்டி டேப்பைத் தமிழ் தெரிந்த யாரிடமோ கொடுத்துக் கேட்டிருக்கிறீர்கள். என்னிடம் கேட்டிருந்தால் நானே சொல்லியிருப்பேன்.

இந்தியாவில் சமூகவியல் தொடங்கிய வரலாற்றை மூன்று நாட்டுப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து எழுதின. தொண்ணூற்றாறில் ஜெர்மனியிலிருந்து இங்க்ரிட் பெங்களூருக்கு வந்தார். நான் அவருடைய மொழிபெயர்ப்பாளன். முப்பதுகளில் ஒரு பேராசிரியர் இங்கே அல்சூர் பகுதிக் கூலிக்காரர்களை ஆராய்ந்தபோது எடுத்த புகைப்படம் ஒன்று கிடைத்தது. இடுப்புக்கு மேல் துணியில்லாமல் ஒரு கூலிக்காரரின் இளம் மனைவி, பக்கத்தில் அளவுகோல். அந்தப் பெண்தான் பாகீரதியம்மாள்; எண்பது வயதில் அதே அல்சூரில் ஒரு சந்தில் இருந்தார்.

அவர் சம்மதித்தால்தான் படம், படம் இருந்தால்தான் கட்டுரை என்றார் இங்க்ரிட். கட்டுரையில் இங்க்ரிட் பெயருக்குக் கீழே டென்சில் என்று என் பெயரும் இருந்தது. லிங்கராஜபுரத்து மாடியறையில் மொழிபெயர்ப்பு நாவல்களைப் படித்தே வளர்ந்தவன் நான். அந்த நாவல்களில் வரும் நகரங்களில் என் பெயர் அச்சில் கிடக்கும் என்பது சின்ன விஷயமில்லை.

படத்தைப் பார்த்ததும் அம்மாள் அதைக் கவிழ்த்து வைத்தார். பிறகு சொன்னார்.

"என் புருஷன் எதிர்லயே துணிய எடுக்கச் சொன்னான், தம்பி. கூலி போயிடும்னு அவரும் தலையக் குனிஞ்சிக்கினாரு. இத என் மவன் பாக்கக் கூடாது. அடுப்புல போட்டுடுங்க."

பேராசிரியரை அவன் என்றார். ஆங்கிலத்தில் அவனுக்கும் அவருக்கும் ஒரே சொல்; அங்கே நான் பொய் சொல்லவேண்டி வரவில்லை. பழைய நாட்களை நினைத்து உருகுகிறார் என்றேன். கடைசி வாக்கியத்தில் அடுப்பை மட்டும் விட்டேன். மறதியால் அல்ல. நெருப்பிலும் போடுகிறோம், புத்தகத்திலும் போடுகிறோம்.

"படத்தைப் போடச் சொல்கிறார்" என்றேன். இங்க்ரிட்டுக்குக் கண் கலங்கியது.

புத்தக வெளியீட்டு விழாவுக்கு அம்மாளை அழைக்கச் சொன்னதும் நான்தான். மகன் அய்யாவு கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். அந்தப் படம்தான் அட்டை. அதை ஆளுயரத்துக்குப் பெரிதாக்கி மேடையில் உயரே மாட்டியிருந்தார்கள். அய்யாவு அதையே பார்த்தார். பிறகு எல்லார் முன்னாலும் சட்டையைக் கழற்றி, எம்பி எம்பி அதை மூடப் பார்த்தார். எட்டவில்லை.

என்ன செய்கிறார் என்று இங்க்ரிட் கேட்டார். பொன்னாடை போர்த்துகிறார், எங்கள் பக்கத்து மரியாதை என்றேன். அவர் கைதட்டினார். சபை முழுவதும் தட்டியது.

அம்மாள் என்னிடம் வந்தார். "அடுப்புலன்னுதானே தம்பி சொன்னேன்?"

நன்றி சொல்கிறார் என்றேன்.

அந்த மண்டபத்தில் அவர்களுக்காகப் பேச என்னைத் தவிர யாரும் இல்லை. கடைசிவரை நான் அவர்கள் பக்கத்திலேயே நின்றேன்.