ஓசி சி.டி.யில் ஓர் அன்னப்பட்சி

— சாஃப்ட்வேரு ஓசின்னா அதுக்குள்ள கெடக்கிற என் அன்னப்பட்சி பார்டரும் ஓசியா? நீ வூட்டை வாடகைக்கு உட்டா, உள்ள இருக்கிற பீரோவை எவன் வேணா தூக்கிகினு போலாமா, ராபர்ட்டு?

— மொதல்ல உக்காருங்க பலராமன் அண்ணே. கம்ப்யூட்டர் சென்டர்ல பசங்க டைப் அடிச்சிகினு இருக்காங்க, பாருங்க.

— கேக்கட்டும்! நாலு பேருக்குத் தெரியட்டும். இதோ, ஜெகநாதன் கடையில பொட்டியோட வாங்கியாந்தேன், பவர்லூம் சேலை. நான் கைத்தறியில பட்டுல நெய்யிற பார்டரை, அவன் பாலியஸ்டர்ல அடிச்சித் தொங்கவுட்டிருக்கான். கேட்டா, 'ராபர்ட்டு சி.டி.யில இருந்திச்சு, யார் வேணா எடுத்துக்கலாமாம்'னு பல்லைக் காட்டறான். காஞ்சிபுரத்துக் கடைக்காரரு, 'இது பஜார் சரக்காச்சே'ன்னு என் ஆர்டரையே திருப்பி அனுப்பிட்டாரு!

— சி.டி. நான் குடுத்ததுதான். சேலை டிசைன் போடற அந்த புரோகிராமை எழுதினதும் நான்தான். யாரும் காப்பி எடுக்கலாம், திருத்தலாம்னு லைசென்ஸ் போட்டதும் நான்தான். மறைக்கல, பாருங்க.

— அப்ப திருட்டை ஒத்துக்கினே!

— நைனா, அவர் சொல்றதை முழுசா...

— காவ்யா, நீ வாயை மூடிகினு நில்லு. சாட்சிக்குத்தான் உன்னை இட்டாந்தேன். ஏன்யா, நான் வாயால சொல்லச் சொல்ல, என் பொண்ணு இங்க உக்காந்து கட்டம் கட்டமா மவுஸுல அடிச்ச பார்டருய்யா அது. கூட்டுறவு சங்கத்துல எனக்குப் பொன்னாடை போத்தின பார்டரு! அதை எதுக்குய்யா உன் சி.டி.யில சேத்தே?

— வெறும் கட்டத்தைக் காட்டினா ஆரணியில எந்த நெசவுக்காரர் தொடுவாரு? தொறந்ததும் ஒரு பார்டர் கண்ணுல படணும். அதான் மாதிரிக்கு ஒண்ணு வேணும்னு கேட்டேன்.

— எங்கிட்ட கேக்கல!

— உங்ககிட்ட கேக்கலதான்.

— பாத்தியா! என் பேச்சு இதான். புரோகிராமு உன்னுது, ஓசியில குடு, தேசூர் சந்தையில வாரி எறி, எனக்கென்னா? பார்டரு என்னுது. உன் லைசென்சு அதைத் தொடாது.

— நூத்துக்கு நூறு சரிங்க. நான் எழுதினதுக்குத்தான் நான் லைசென்ஸ் போட முடியும். உள்ள வெச்ச டிசைனுக்கு, அதை வரைஞ்சவங்கதான் போடணும்.

— வந்தியா வழிக்கு! அப்ப எழுது. 'பார்டரு பலராமனுது, கேக்காம வெச்சிட்டேன்'னு எழுதிக் கையெழுத்துப் போடு, ஜல்தி. நேரா போலீஸ் ஸ்டேஷன் போறேன். ஜெகநாதன் தறியை நிறுத்திட்டு, உன் கடைக்கும் பூட்டுப் போடறேன்.

— அதை எழுத மாட்டேன்.

— ஏன், கை வலிக்குதா?

— பொய் எழுத மாட்டேன், ஆண்டவர் சாட்சியா. டிசைன் ஃபோல்டருக்குள்ள தனியா ஒரு லைசென்ஸ் இருக்குது. புரோகிராமுக்குப் போட்டது வேற, இது வேற. வரைஞ்சவங்களே போட்டது.

— வரைஞ்சவன் நான்யா! நான் எங்க போட்டேன்? அந்த டப்பாவை ஆன் பண்ணக்கூட எனக்குத் தெரியாது!

— நான் போட்டேன் நைனா.

— என்னாது?

— நான்தான் வரைஞ்சேன், நான்தான் போட்டேன். நீங்க சொன்னது, 'அன்னப்பட்சி வெச்சி ஏதாவது போடு', அவ்ளோதான். கழுத்து வளைவு, றெக்கைக்குள்ள மாங்கா, ரெண்டு பட்சிக்கும் நடுவுல விளக்கு, எல்லாம் என்னுது. உங்களுக்குப் பொன்னாடை போத்தினப்போ கடைசி வரிசையில உக்காந்து கை தட்டினேன்.

— ஒரு வூட்ல அப்பன் என்னா, பொண்ணு என்னா? எல்லாம் ஒண்ணுதானேடி! அதுக்காக ஊருக்கே வாரி உட்டுடுவியா? பொழப்புல மண்ணைப் போட்டுட்டியே!

— சும்மா வாரி உடல. யார் வேணா நெய்யட்டும், ஆனா ஒரு கண்டிசன்னுதான் போட்டேன். ராபர்ட் அண்ணன் இங்கிலீஷ்ல எழுதிக் குடுத்தாரு.

— கண்டிசனாம் கண்டிசன்! அந்தத் திருட்டுப் பய ஜெகநாதன் அப்படியே மதிச்சிட்டானாக்கும்!

— கையிலதானே வெச்சிருக்கீங்க, அந்தப் பொட்டியைத் திருப்பிப் பாருங்க நைனா. 'வரைந்தவர்: காவ்யா'ன்னு போட்டிருக்கான். நீங்க ஒரு சேலையில கூடப் போட்டதில்ல.