ஆரின் ஹாஸ்கின் துப்பாக்கியின் எடை குறித்து

பெயர் ராய்ஸ் டீகன். தகப்பனார் பெயர் கார்ல் டீகன், காலமாகிவிட்டார். வயது 53. விவசாய இயந்திரங்கள் பழுதுபார்க்கும் பட்டறையில் கடைசல் வேலை. விலாசம் 14, எலிவேட்டர் சாலை, லார்க், மொன்டானா. வனவிலங்குக் காவல் அலுவலர் கிரேடி அவர்கள் முன்பாக, நவம்பர் 14ஆம் தேதி காலை பத்து மணிக்கு, யாருடைய தூண்டுதலும் இல்லாமல் சொல்வது.

மேற்கண்ட விலாசத்தில் நான் தனியாக வசித்து வருகிறேன். ஆரின் ஹாஸ்கின் என்பவரை ஆறு வயதிலிருந்து எனக்குத் தெரியும். அவர் மனைவி நோலாவும் எங்கள் வகுப்பில் படித்தவர்தான். நானும் ஆரினும் முப்பத்தெட்டு வருடங்களாக ஒவ்வொரு நவம்பரிலும் சேர்ந்தே மான் வேட்டைக்குப் போயிருக்கிறோம். இதுவரை எங்கள் இருவர் மீதும் எந்த வழக்கும் கிடையாது.

சென்ற வருடம் மார்ச் மாதம் ஆரினுக்கு வலது கட்டை விரல் வேலை செய்யாமல் போனது. அதன் பிறகு பில்லிங்ஸ் நகரில் மருத்துவர்கள் பார்த்துவிட்டு, தசைகள் ஒவ்வொன்றாகக் கரைந்துபோகும் நோய் என்றும், மருந்து இல்லை என்றும் சொன்னார்கள். சென்ற நவம்பரில் அவர் தம்முடைய பழைய துப்பாக்கியோடு வந்தார். அதன் எடை எட்டரைப் பவுண்ட். ஒவ்வொரு குண்டுக்கும் கையால் தாழை இழுத்துத் தள்ள வேண்டிய துப்பாக்கி அது. அவரால் தூக்கவும் முடியவில்லை, தாழை இழுக்கவும் முடியவில்லை. அன்று நாங்கள் ஒன்றும் சுடாமல் திரும்பினோம்.

அதன் பிறகு இந்த வருடம் மே மாதத்தில் அவர் வீட்டுச் சமையலறையில் வைத்து, தமக்குப் பாகம் பாகமாக வாங்கி ஒரு லேசான துப்பாக்கி சேர்த்துத் தர முடியுமா என்று என்னைக் கேட்டார். விசையை ஒரு முறை அழுத்தினால் ஒரு குண்டு போய் அடுத்தது தானாக ஏறிக்கொள்ளும் வகை. எவ்வளவு எடை தாங்குவார் என்று தெரிந்துகொள்ள, நோலாவின் அலமாரியிலிருந்து ஐந்து பவுண்ட் மாவுப் பையை எடுத்துக் கொடுத்தேன். இரண்டு எண்ணுவதற்குள் விழுந்து மேசையெல்லாம் மாவு. நான்கு பவுண்ட் சர்க்கரைப் பையை ஒன்பது எண்ணும் வரை பிடித்தார். நோலா மாவைத் துடைத்தபடி, "ரெண்டு பேரும் ஐம்பது தாண்டியாச்சு, இன்னும் மளிகை சாமானை வச்சு விளையாடறீங்க" என்றார். பிறகு உள்ளே போனவர் வெகுநேரம் வெளியே வரவில்லை.

துப்பாக்கியின் எண் பொறித்த உடல் பகுதியை ஊரில் உள்ள உரிமம் பெற்ற கடையில் ஆரின் பெயரிலேயே வாங்கினோம். படிவத்தில் கையெழுத்துப் போட அவருக்கு நெடுநேரம் ஆயிற்று. கடைக்காரர் பேனாவைப் பிடித்துக்கொடுக்க வந்தபோது ஆரின் தலையை ஆட்டி மறுத்துவிட்டார்.

அதன் பிறகு குழல். குழல்தான் எடையில் பெரும்பங்கு. நான் நடுத்தர கனத்தில் எடுக்கச் சொன்னேன். மெல்லிய குழல் நாலு குண்டு போனாலே சூடேறிக் குறி தள்ளும். அதற்கு ஆரின், "டேய், நான் என்ன போருக்கா போறேன்? ஒரு மான். ஒரு குண்டு. சூடு ஏறதுக்குள்ள நான் வீட்டுக்கு வந்துடுவேன்டா" என்றார். மெல்லிய குழலே எடுத்தோம்.

ஜூன் மாதத்தில் முன்பிடி வந்தது. குழலைச் சுற்றி மாட்டி முன்னால் கையால் பிடிப்பதற்கான, கார்பன் இழையால் செய்த குழாய் போன்ற உறை அது. நோலா அதைப் பார்சலில் சுற்றி வந்த அட்டைச் சுருள் என்று நினைத்துக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டார். மூன்று பேரும் தேடி எடுத்தோம். ஆரின் சிரித்துச் சிரித்து மூச்சடைத்து, நோலா அவர் முதுகைத் தடவிக்கொடுக்க வேண்டியதாயிற்று. அதன் பிறகு தோளில் பதியும் கட்டை. நீளம் கூட்டிக் குறைக்கும் வகை வசதியானது, ஆனால் கனம் அதிகம். நீளம் மாறாத வகையைத்தான் ஆரின் கேட்டார். தோள் மெலிந்துகொண்டே போகிறதே, நவம்பரில் அளவு சரியாக இருக்காதே என்று நான் சொன்னேன். "நவம்பர்ல கனமான சட்டை போட்டுக்கறேன்" என்றார்.

ஜூலையில் சர்க்கரைப் பையை மறுபடி கொடுத்துப் பார்த்தேன். நான்கு எண்ணினேன், விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு நான் அந்தச் சோதனையைச் செய்யவில்லை.

ஆகஸ்டில் வலது சுட்டுவிரல் போய்விட்டது. இடது விரலில் பலம் மிச்சமிருந்தது. எனவே பாதுகாப்புத் தாழை இரு பக்கமும் இயக்கும்படி உள்ளதாக மாற்றி, விசையும் லேசானதாக வேறு வாங்கினோம். வாழ்நாளெல்லாம் வலக்கையால் சுட்டவர், இடது தோளில் வைத்துச் சுட ஆறு வாரம் என் பட்டறைக்குப் பின்னால் பழகினார். நாற்காலியில் உட்கார்ந்து, மணல் மூட்டை மேல் குழலைத் தாங்கவைத்து, ஒரு நாளைக்கு மூன்று குண்டுக்கு மேல் இல்லை. எழுபது கஜத்தில் ஒரு காகிதத் தட்டில் மூன்றும் விழும். அந்தத் தட்டுகளைத் தேதி போட்டு வைத்திருக்கிறேன். இன்று அலுவலரிடம் பதினேழு தட்டுகள் ஒப்படைத்திருக்கிறேன்.

அக்டோபரில் கழுத்து நிற்கவில்லை. கன்னத்தைக் கட்டையில் சாய்த்தால் தலை அப்படியே கவிழ்ந்துவிடும், குறிக்கண்ணாடி தெரியாது. நோலா கழுத்துப் பட்டை போட்டுவிட்டார். அது போட்டால் தலை குனியாது. ஆகவே குறிக்கண்ணாடியைத் தூக்கிவைக்க அலுமினியத்தில் ஒரு சிறு மேடை கடைந்தேன். அதனால் இரண்டு அவுன்ஸ் கூடியது. அதைச் சரிக்கட்ட பத்துக் குண்டுக் கூட்டை எடுத்துவிட்டு ஐந்து குண்டுக் கூடு போட்டேன். அதன் பிறகு எதையும் மாற்றவில்லை.

வாகனத்தில் இருந்தபடியே சுட ஆரினுக்கு முறைப்படி அனுமதிச்சீட்டு இருந்தது. துணைக்கு இருப்பவனாக என் பெயர் அதில் இருக்கிறது. ஆனால் மானைச் சுட வேண்டியவர் அவர் மட்டும்தான்.

நவம்பர் 9ஆம் தேதி மதியம் ரெஸ்னிக் என்பவரின் வயலுக்கு, அவர் சம்மதத்துடன், என் பிக்கப் வண்டியில் போனோம். பார்லி அறுத்த தாளின் மேல் பனி கணுக்கால் அளவு கிடந்தது. வண்டியை ஓடைக்கு எதிரே நிறுத்தி இன்ஜினை அணைத்தேன். ஆரின் வலது ஜன்னல் பக்கம் இருந்தார். இடது தோளில் வைத்துச் சுடுகிறவருக்கு அந்தப் பக்கம்தான் திரும்ப வாகு. ஜன்னல் விளிம்பில் மணல் மூட்டை வைத்து அதன் மேல் துப்பாக்கியை வைத்தேன். மூன்று நாற்பது வாக்கில் வில்லோப் புதரிலிருந்து ஐந்து மான்கள் வந்தன. மூட்டை பனியில் நனைந்து சறுக்கியது. எனவே நான் வண்டிக்கு வெளியே இறங்கி, கதவுக்குக் கீழே குந்தி, முன்பிடிக்கு அடியில் என் வலது உள்ளங்கையை வைத்துத் தாங்கினேன்.

சாலையில் நின்று தொலைநோக்கியில் பார்த்த வெர்ன் கால்டர் என்பவர், வெளியே இருந்த ஆள்தான் சுட்டான் என்று புகார் கொடுத்திருக்கிறார். அவருக்கும் எங்களுக்கும் எந்தப் பகையும் கிடையாது. அவர் யோக்கியமான மனிதர். பார்த்ததைத்தான் சொல்லியிருக்கிறார்.

முதலில் வந்த பெரிய மான் நிற்காமல் போய்விட்டது. இரண்டாவதாக வந்த பெட்டை மான் பக்கவாட்டில் நின்றது. ஆரின் பாதுகாப்புத் தாழைத் தள்ளும் சத்தம் கேட்டது. குண்டு வெடிக்கவில்லை. தலையைத் தூக்கிப் பார்த்தேன். விரல் விசையின் மேல் இருந்தது, நடுங்கியது, உள்ளே போகவில்லை. "வரலடா" என்றார். மான் தலையைத் தூக்கிவிட்டது.

நான் அடுத்துச் செய்ததை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை, நோலாவிடமும் சொல்லவில்லை. என் இடது கையை ஜன்னல் வழியாக உள்ளே நீட்டினேன். என் விரல் அவர் விரலின் மேல் பட்டது. நான் அழுத்தவில்லை. அழுத்தும் எண்ணத்தில்தான் நீட்டினேன் என்பது உண்மை. அப்போது ஆரின் என்னைப் பார்க்காமலே, "கைய எடுடா நாயே. எடுக்கல, ஒடிச்சிடுவேன்" என்றார். அன்று காலை காபிக் கோப்பையை அவர் வாயில் நான்தான் பிடித்தேன். கையை எடுத்து அதையும் முன்பிடிக்கு அடியில் கொடுத்தேன். திரு. கால்டர் பார்த்தது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

அதன் பிறகு நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் மூச்சு விடுவது மட்டும் கேட்டது. எவ்வளவு நேரம் என்று எண்ணவில்லை. பிறகு குண்டு வெடித்தது. மான் இரண்டு அடி எடுத்து வைத்து நின்றது. அடுத்த குண்டு தானாக ஏறியிருந்ததால் மறுபடியும் சுட்டார். மான் அங்கேயே விழுந்தது. இரண்டு தடவையும் என் இரண்டு கைகளும் முன்பிடிக்கு அடியில்தான் இருந்தன. அப்படித் தாங்கியது குற்றமென்றால் அது என்னைச் சேர்ந்தது, ஆரினைச் சேர்ந்ததல்ல.

அதன் பிறகு மானை வண்டிக்கு இழுத்து வந்தேன். ஆரின் அதைத் தொட வேண்டும் என்றார். அவர் கையைத் தூக்கி அதன் விலாவில் வைத்தேன். "சூடா இருக்கு" என்றார். ஒரு மானுக்கென்று அவருக்குக் கொடுத்திருந்த வேட்டைச் சீட்டில், அவர் சொன்னபடி தேதியை வெட்டி, மானின் காலில் கட்டினேன். அன்று மாலை நோலா ஈரலை வெங்காயத்தோடு வதக்கி, முட்கரண்டியால் மசித்து ஊட்டினார்.

11ஆம் தேதி அலுவலர் வந்து, ரசீது கொடுத்து, துப்பாக்கியையும் இறைச்சியையும் எடுத்துச் சென்றார். ஆரின் பேசினால் இப்போது நோலாவுக்கும் எனக்கும் மட்டும்தான் புரியும். யார் சுட்டது என்று அலுவலர் கேட்டபோது அவர் "நான்" என்று மூன்று முறை சொன்னார். நோலா அதை எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. அலுவலர் மரியாதையாகவே நடந்துகொண்டார். ஆனால் குறிப்பேட்டில் 'உறுதி செய்ய இயலவில்லை' என்று எழுதியதை ஆரின் பார்த்துவிட்டார். அலுவலர் போன பிறகு ஆரின் தம்மைச் சுவர்ப் பக்கம் திருப்பச் சொன்னார். அடுத்த நாள் மாலை வரை அப்படியே இருந்தார்.

இன்று இந்த அறையில் அலுவலர் குண்டு இல்லை என்று சரிபார்த்துவிட்டுத் துப்பாக்கியை என் கையில் கொடுத்தார். அவர் பார்க்கத் தோளில் வைத்தேன். கன்னத்தைக் கட்டையில் வைத்தால் எனக்குக் குறி தெரியவில்லை, கண்ணாடிக்கு அடியில் சுவர்தான் தெரிந்தது. பிறகு அவரே வைத்துப் பார்த்தார். என்ன தெரிந்தது என்று அவரிடம் நான் கேட்கவில்லை. செய்து காட்டுங்கள் என்று ஆரினிடம் கேட்டால் முடியாது. அந்த விரல் நேற்றுக் காலையோடு நின்றுவிட்டது.

அவரால் இன்னும் விழுங்க முடிகிறது, அரைத்துக் கொடுத்தால். கிறிஸ்துமஸ் வரைதான் அதுவும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். என் மேல் என்ன நடவடிக்கை எடுத்தாலும் எடுக்கட்டும், இறைச்சியைச் சீக்கிரம் கொடுத்துவிட்டால் நல்லது.

நான் சொல்லச் சொல்ல எழுதிய இதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை. நடந்தது இதுவே.

(ஒப்பம்) ராய்ஸ் டீகன்

அலுவலர் குறிப்பு: துப்பாக்கி என்னால் எடை போடப்பட்டது, நான்கு பவுண்ட் ஒன்பது அவுன்ஸ். வாக்குமூலம் கொடுத்தவர் கன்னம் வைத்த நிலையில் நானும் வைத்துப் பார்த்தேன், குறி தெரியவில்லை. தலையை நிமிர்த்தி, அசைக்காமல் வைத்தால் தெரிகிறது. மானைச் சுட்டவர் சீட்டுக்கு உரியவரான ஆரின் ஹாஸ்கின் எனப் பதிவு செய்து புகார் முடிக்கப்படுகிறது. ராய்ஸ் டீகனுக்கு வாய்மொழி எச்சரிக்கை. துப்பாக்கியும் நாற்பத்தொரு பவுண்ட் இறைச்சியும் இன்று மாலை நான்கு பத்துக்கு ஹாஸ்கின் வீட்டில் நேரில் ஒப்படைக்கப்பட்டன. கைப்பற்றியபோது இறைச்சி துண்டங்களாக இருந்தது. ஒப்படைத்தபோது அரைக்கப்பட்டிருந்தது.

(ஒப்பம்) டி. கிரேடி