கை நனைக்காத விருந்தாளி

உட்காருங்கள், யூசுஃப். சர்க்கரை போட வேண்டாம், ஏலக்காய் மட்டும் தட்டிப் போடு என்று மகள் விஜயாவிடம் சொல்லியிருந்தேன். காபித்தூள் ஹரிஸ் பார்க்கில் உங்கள் ரொட்டிக் கடைக்கு அடுத்த கடையில் வாங்கியதுதான். பக்குவம் உங்கள் அப்பா சொல்லிக்கொடுத்தது. கோப்பையைக் கீழே வைத்துவிட்டீர்கள். சரி, அங்கேயே இருக்கட்டும்.

உங்கள் அப்பா ஹமூதும் அந்த நாற்காலியில்தான் உட்காருவார். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் பஸ் பிடித்து இந்த நார்த்மீட் வீட்டுக்கு வந்துவிடுவார். மருமகன் ஆஸ்பத்திரி வேலைக்குப் போய்விடுவார், பேரன்கள் என்னிடம் ஆங்கிலத்தில் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசமாட்டார்கள். பேச ஆளில்லாமல் வாய் துருப்பிடித்துப்போய்க் கிடந்தவன் நான். அறுபது வருஷத்துக்கு முன் கற்ற அரபியை எனக்குத் திருப்பிக் கொடுத்தவர் உங்கள் அப்பா. விஜயாகூடக் கேலி செய்வாள்: "ஏனுங்கப்பா, நீங்க ரெண்டு பேரும் பேசறது சண்டை போடற மாதிரியே இருக்குதுங்க. பக்கத்து வீட்டுக்காரங்க போலீசைக் கூப்பிட்டுடப் போறாங்க."

அவர் போய்ச் சேர்ந்த பிறகு வெள்ளிக்கிழமை வந்தாலே நான் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறேன். துக்கம் உங்களுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள்.

நான் அவரிடம் என்ன சொன்னேன் என்று கேட்கத்தானே வந்திருக்கிறீர்கள். சொல்கிறேன். ஆனால் முதலிலிருந்து சொன்னால்தான் என் பக்கத்து நியாயம் உங்களுக்குப் புரியும்.

கோயம்புத்தூரிலிருந்து பம்பாய்க்கு ஓடிப்போய் ஒரு அரபு பேரீச்சம்பழ வியாபாரியிடம் வேலை பார்த்தவன் நான். அங்கே வந்த பாஷைதான். முதல் உலகச் சண்டை வந்ததும் இங்கிலீஷ்காரப் பட்டாளம் என்னைப் பஸ்ராவுக்குக் கூட்டிப்போய், பேச்சை மொழிபெயர்த்துச் சொல்லும் துபாஷி ஆக்கிவிட்டது. சுமைகூலிகளோடு மூட்டை தூக்க வேண்டியவனுக்குக் கூடாரம், கட்டில், துரைக்குப் பக்கத்தில் நாற்காலி. துரை என்னைச் 'சாமி' என்று கூப்பிடுவார். அவருடைய வேலை ஒன்றே ஒன்று. யூப்ரடீஸ் கரையில் எந்தக் குலம் துருக்கியன் பக்கம், எந்தக் குலம் நம் பக்கம் என்று கண்டுபிடித்துத் தந்தியடிப்பது. நேற்று நம்மிடம் துப்பாக்கி வாங்கியவன் இன்று துருக்கியனிடம் தானியம் வாங்குவான். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது, இரண்டு யானைகளுக்கு நடுவே குடியிருந்தவர்கள். ஆனால் மேலிடத்துக்கு அதெல்லாம் வேண்டாம். இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? 'தெரியவில்லை' என்று சொல்லும் துபாஷியை யாரும் வைத்துக்கொள்வதில்லை. நான் ஒருநாளும் தெரியவில்லை என்று சொன்னதில்லை.

தொள்ளாயிரத்துப் பதினாறாம் வருஷம் உங்கள் தாத்தா முகாமுக்கு வந்தார். பனீ தாஹிம் குலத்து ஷேக் முக்லிஃப். ஆற்று வளைவு அவர்கள் கையில் இருந்தது. அவர்கள் நம்மோடு சேர்ந்தால் படகுகள் மேலே போகும், சேராவிட்டால் போகாது. நெடிய மனிதர். காபி ஊற்றினார்கள். வாங்கினார், குடிக்காமல் தரையில் வைத்தார். வைத்துவிட்டுத் துரையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், வாய் திறக்கவில்லை. காபி ஆறிக்கொண்டிருந்தது.

"ஏன் குடிக்கவில்லை?" என்று துரை என்னைக் கேட்டார்.

எங்கள் ஊர் வழக்கம் ஒன்று உங்களுக்குத் தெரிந்திருக்காது. பெண் பார்க்கப் போன இடத்தில் சம்பந்தம் பிடித்தால்தான் கை நனைப்போம், அதாவது சாப்பிடுவோம். பிடிக்கவில்லையென்றால் தண்ணீரைக்கூடத் தொடாமல் எழுந்துவிடுவோம். எனக்குத் தெரிந்த உலகம் அதுதான். பம்பாய் வியாபாரிகள் ஊற்றிய காபியையெல்லாம் மடக்மடக்கென்று குடித்தவர்கள். ஆகவே துரையிடம் சொன்னேன்: "சம்மதமில்லை என்று அர்த்தம். இவர்கள் துருக்கியன் பக்கம்."

துரை எழுந்து போய்விட்டார். உங்கள் தாத்தா என்னைப் பார்த்தார். பிறகு அவரும் போனார்.

அறியாமல் செய்த பிழைதானே என்று நீங்கள் நினைக்கலாம். உங்கள் அப்பா உயிரோடு இருந்திருந்தால் அவரிடமும் கதையை இந்த இடம்வரைக்கும் சொல்லியிருப்பேன். நல்ல மனிதர், மன்னித்திருப்பார்.

ஆனால் அன்று மாலை எங்கள் காபிக்காரக் கிழவன் சல்மான் என்னிடம் வந்தான். "உன் துரை என்ன மனுஷன்? ஒருத்தன் கோப்பையைத் தொடாமல் வைத்தால் அவனுக்கு ஒரு வேண்டுதல் இருக்கிறது. குடி, நீ கேட்டது கொடுத்தாயிற்று என்று வீட்டுக்காரன் சொல்ல வேண்டாமா?" என்றான். வேண்டுதலும் அவனுக்குத் தெரிந்திருந்தது. ஷேக்கின் ஆட்கள் படகுத்துறையில் சொல்லியிருந்தார்கள். அவருடைய மூத்த மகன்கள் இரண்டு பேர் துருக்கியனிடம் பிணையாக இருந்தார்கள். அவர்கள் திரும்பி வரும்வரை விஷயம் வெளியே தெரியக் கூடாது, அவ்வளவுதான் அவர் கேட்க வந்தது. மற்றபடி குலம் முழுவதும் நம் பக்கம்.

துரையின் கூடாரம் கூப்பிடு தூரத்தில் இருந்தது. அவர்கள் ஊரைச் சுடுவதற்குப் பீரங்கிப் படகு மறுநாள்தான் புறப்பட்டது.

நான் போகவில்லை. தந்தி போய்விட்டது. துபாஷிக்குத் தப்பாகப் புரிந்தது என்று துரை இன்னொரு தந்தி அடிக்க வேண்டும். அவர் அடித்திருப்பார், நியாயஸ்தர்தான். என்னை மூட்டை தூக்க அனுப்பியிருப்பார். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. இன்று நம் பக்கம் என்பவன் நாளைக்கு மாறமாட்டான் என்று யார் கண்டது என்று நினைத்துக்கொண்டு படுத்தேன். தூக்கமும் வந்தது. மறுநாள் அவர்களுடைய நாணல் வீடுகள் எரிவது முகாமிலிருந்தே தெரிந்தது. நாணல் சீக்கிரம் எரிந்துவிடும், அதிக நேரம் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

மிச்சக் கதை நீங்கள் வீட்டில் கேட்டு வளர்ந்ததுதான். எருமைகளோடு அக்கரைக்குப் போனதால் ஏழு வயது ஹமூத் பிழைத்தார். பிணையாகப் போன அண்ணன்கள் திரும்பவில்லை. பேசப் போனவன் நெருப்பைக் கூட்டிவந்தான், குலத்தை விற்றான் என்று உங்கள் தாத்தாவை ஒதுக்கிவைத்தார்கள். சாகும்வரை அவர் வீட்டில் ஒருவரும் காபி குடிக்கவில்லை. இப்போது மெல்பர்னில் இருக்கும் அந்தக் குலத்துக் குடும்பம், விற்றவன் வீட்டில் பெண்ணெடுக்க மாட்டோம் என்று உங்கள் மகள் நூராவை வேண்டாம் என்கிறது. அந்தப் பையனும் அவளும் ஒருவரையொருவர் விரும்புகிறார்கள் என்று ஹமூத் சொல்லியிருக்கிறார். சொல்லும்போது அழுதார்.

தப்பு என்னுடைய வாயில்தான். பேச்சுவாக்கில் பெருமையடித்துவிட்டேன், அந்த முகாமில் துபாஷியாக இருந்தவன் நானே என்று. நடுக்கூடத்தில் பதக்கம் மாட்டியிருக்கிறது, பார்த்திருப்பீர்கள். அடுத்த வெள்ளிக்கிழமை ஹமூத் வந்தார். காபியை வாங்கினார், தொடாமல் தரையில் வைத்தார்.

இந்தத் தடவை எனக்கு அர்த்தம் தெரியும்.

"அபூ விஜயா," விஜயாவின் அப்பா என்று வழக்கம்போலக் கூப்பிட்டுச் சொன்னார், "என் அப்பா அன்றைக்கு என்ன சொன்னார்? நீர் காதால் கேட்டவர். அவர் துருக்கியன் பக்கம் போகவில்லை என்று மெல்பர்ன்காரர்களிடம் வந்து ஒரு வார்த்தை சொல்லும். நான் வேறு எதுவும் கேட்கவில்லை. என் பேத்திக்காகக் கேட்கிறேன்."

நான் யோசித்தேன், யூசுஃப். ஒரு வார்த்தை சொன்னால் அடுத்து நூறு கேள்வி வரும். பிறகு ஏன் சுட்டார்கள், யார் சொல்லிச் சுட்டார்கள்? உண்மை தெரிந்தபின் ஹமூத் இந்தப் படி ஏறுவாரா? மறுபடி வாரம் முழுவதும் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். அதை என்னால் நினைத்துப்பார்க்கவே முடியவில்லை. அவருக்கோ அது அறுபது வருஷமாகக் கேட்டுப் பழகிய சங்கதி. இன்னொரு தடவை கேட்டால் புதிதாக என்ன வலித்துவிடும் என்று நினைத்தேன்.

"உங்கள் அப்பா தானாகவே வாய்விட்டுச் சொன்னார், ஹமூத். துருக்கியனோடுதான் இருப்போம் என்று என் காதுபடச் சொன்னார். இப்போது குடியுங்கள்" என்றேன்.

அவர் குடித்தார். ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தார். பிறகு கோப்பையை விஜயாவின் கையில் கொடுத்து, "நல்லா இரும்மா" என்று நான் சொல்லிக்கொடுத்த தமிழில் சொல்லிவிட்டுப் போனார். அதற்கப்புறம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவர் ரொட்டியைத் தொடவில்லை என்று நீங்கள்தான் போனில் சொன்னீர்கள். டாக்டர் இருதயம் என்றாராம். இருதயமாகத்தான் இருக்கும்.

இவ்வளவுதான். ஒன்றும் ஒளிக்கவில்லை. கேட்டீர்கள், கொடுத்துவிட்டேன்.

மெல்பர்னுக்கு மட்டும் கூப்பிடாதீர்கள். எனக்கு வயதாகிவிட்டது, ரயில் பிரயாணம் ஒத்துக்கொள்ளாது. விஜயாவுக்கும் மருமகனுக்கும் இந்த ஊரில் ஒரு பெயர் இருக்கிறது. நூரா சின்னப் பெண், மறந்துவிடுவாள். உங்களிடம் சொன்னதே எனக்குப் பாரம் இறங்கின மாதிரி இருக்கிறது. நீங்கள் வெள்ளிக்கிழமை வேலை முடிந்து இந்தப் பக்கமாக வாருங்கள், உட்கார்ந்து பேசலாம். அப்பாவைப் போலவே உங்களுக்கும் குரல் இருக்கிறது.

எழுந்துவிட்டீர்களே. கோப்பை வைத்த இடத்தில் அப்படியே இருக்கிறது. இந்த ஊருக்கு வந்த பிறகு எல்லோருடைய பழக்கமும் மாறித்தான் போயிற்று. பரவாயில்லை, யூசுஃப், என்னை மன்னித்துவிட்டீர்கள் என்றே அதை எடுத்துக்கொள்கிறேன்.