கூடு எண்ணும் வேலை

எனக்குச் சேறு ஒத்துக்கொள்ளாது. அரை மணி நேரம் நின்றால் முழங்கால் வரை தடித்துவிடும். அதனால்தான் வேலையை அப்படிப் பிரித்துக்கொண்டோம்: ட்ரோன் எனக்கு, நடை மாமாவுக்கு. அக்காவின் கணவர். சதுப்பில் செந்நாரைக் கூடுகளைக் கணக்கெடுக்க வேண்டும். நான் மேலிருந்து படம் எடுப்பேன். சந்தேகமான இடங்களுக்கு அவர் போய், முட்டையா, குஞ்சா, வெறும் குப்பையா என்று பார்த்துச் சொல்வார். நாணல் இரண்டு ஆள் உயரம். உள்ளே போனவருக்குத் தன் கையைத் தவிர எதுவும் தெரியாது. வாக்கி டாக்கியில் நான் சொல்லும் பக்கம்தான் திரும்புவார்.

முதல் வருடம் நாற்பத்தொரு கூடு. அடுத்த வருடம் பத்தொன்பது.

மாமாவின் நடைதான் காரணம். கரும்புக்குள் யானை புகுந்த மாதிரி நடப்பார். பாட்டு வேறு. சொல்லிப் பார்த்தேன். சிரித்தார்.

"உன் ஈ தலைக்கு மேல ரீங்காரம் போட்டா, நாரை தாலாட்டுன்னு நெனச்சுத் தூங்குமா மாப்ள? அது அரண்டு பறக்கறத நான் கீழ நின்னு பாக்குறேன்."

ட்ரோனை நிறுத்த வேண்டும் என்று மேலிடத்துக்கு அறிக்கையும் எழுதினார். அனுப்புவதற்கு முன் என்னிடம் காட்டினார், நாகரிகமான மனிதர். ஈரக் காலுறையை என் நாற்காலி முதுகில் காயப்போட்டுவிட்டு, "கோச்சுக்காத, திங்கக்கிழமை அனுப்பிடறேன்" என்றார். எழுத்துப்பிழைகளைத் திருத்திக் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. நல்ல வெளிச்சம். கிழக்கு ஓடையருகே ஒரு முதலை முட்டைமேடு கட்டியிருந்தது எனக்கு ஒன்பது நாளாகத் தெரியும். வரைபடத்தில் குறிக்கவில்லை, எங்கள் கணக்கு நாரைக்கு மட்டும்தான். ட்ரோனைத் தலைக்கு மேலேயே நிறுத்தினாலும் அந்தத் தாய் அசையாது. எனக்கு அதன் மேல் மரியாதை உண்டு.

"மாமா, வலது பக்கம் இருபதடி. கூடு ஒண்ணு இருக்கு."

"பெருசா?"

"பெருசு."

"வழி சரிதானாடா? காலு உள்ள போகுது."

"நேரா போங்க."

சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. முதலில் தொடை. உதறிக்கொண்டு எழுந்தார், எதிர்பார்க்கவில்லை. அடுத்தது இடுப்பு. மூன்று முறை உருட்டியது. மூன்றாவதில் கால் தனியாக வந்துவிட்டது. நாணல் கொத்தைப் பிடித்த கை மட்டும் கொஞ்ச நேரம் வெளியே இருந்தது. வாக்கி டாக்கியின் பொத்தானை அவர் விடவில்லை, எல்லாம் கேட்டது. ஒலியைக் குறைத்தேன். பேட்டரியில் பதினொரு நிமிடம் மீதி இருந்தது. மேற்குப் பகுதியையும் முடித்துவிட்டுத்தான் இறக்கினேன்.

அக்கா ஒன்றுதான் கேட்டாள். "மேல இருந்து நீ பாத்துக்கிட்டுதானேடா இருந்த?"

"பாத்துக்கிட்டுதான்க்கா இருந்தேன்."

முதலையைப் போன வருடமே சுட்டுவிட்டதாகச் சொன்னீர்கள், இன்ஸ்பெக்டர். வேண்டாத வேலை. அவரை அங்கே அனுப்பியது நான். சாக வேண்டும் என்றுதான் அனுப்பினேன். படம் முழுதும் ட்ரோனின் மெமரி கார்டில் இருக்கிறது. படங்களை அழிக்கும் பழக்கம் எனக்கு இல்லை.

ஆனால் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்த வருடம் யாரையும் சதுப்பில் கால் வைக்க விடவில்லை. நாளொன்றுக்கு ஒரு முறை பறந்ததை ஆறு முறையாக்கிக் காவல் காத்தேன். உயரத்தையும் பாதியாகக் குறைத்தேன். ஒரு கூடுகூட இல்லை. அப்படியென்றால் வேறு எவனோ திருட்டுத்தனமாக உள்ளே போய் வருகிறான். ட்ரோனைத் திருப்பிக் கொடுங்கள். இன்னும் கொஞ்சம் தாழ்வாகப் பறந்தால் அவன் முகம் தெரிந்துவிடும்.