அரக்கு உடைஞ்ச பை

சாம்பிள் மாதிரி சரக்கு இல்ல, சாம்பிள் மாதிரி சரக்கு இல்ல. வந்து உக்காந்ததுலருந்து இதையேதான் சொல்றீங்க கோவிந்தன் சார். பர்ச்சேஸ் ஆபீசர் வேலைக்கு எடுக்கறப்ப உங்க கம்பெனியில இந்த ஒரு வரிய மனப்பாடம் பண்ணச் சொல்லித்தான் எடுத்தாங்களா? உங்க சாம்பிள் எங்கன்னு கேட்டா, ஸ்டோர்ல தேடிக்கிட்டிருக்காங்கன்னு பதில் வருது. காணாமப் போன சாம்பிள் மாதிரி எங்க சரக்கு இல்லைன்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க? ஜோசியம் பாத்தா?

சரி, காபியக் குடிங்க. சக்கரை அரை ஸ்பூன்தான், எனக்கு ஞாபகம் இருக்கு. மாம்பழமும் நறுக்கறேன், நாகரசம்பட்டிலருந்து வந்தது. வேண்டாம்னு சொல்லாதீங்க. கேஸ் வேற, வீட்டுக்கு வந்தவங்களுக்குக் குடுக்கறது வேற. அந்த வித்தியாசம் இந்த வீட்டுல சில பேருக்குக் கொஞ்சம் ஜாஸ்தியாவே தெரியும்.

அவரு இல்லைங்க, ஷெட்டுக்குப் போயிருக்காரு. வேலைக்கா? நல்லாக் கேட்டீங்க போங்க. லேத்துக்கெல்லாம் கோணி போத்தியிருக்கு. அதுக்கு எதிர்ல ஸ்டூலப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்காரு. திம்மப்பன் ஒண்டி கூட இருக்கான். மத்தவங்கல்லாம் அத்திப்பள்ளி தாண்டி பொம்மசந்திரா பக்கம் வேலை தேடிக்கிட்டுப் போயிட்டாங்க. நீயும் போயேன்டான்னா, அண்ணன் தனியா உக்காந்திருப்பாரேங்கறான். அவனுக்கு இருக்கற ஈரம் கூட...

சரி விடுங்க. வந்த விஷயத்தச் சொல்லுங்க.

ஓ. கேஸ வாபஸ் வாங்கிட்டா, ரிஜக்ட் மூட்டைங்கள ஸ்கிராப்புன்னு நீங்களே எடுத்துக்குவீங்க. அடுத்த வருஷம் பாத்து வேற ஆர்டர் தருவீங்க. எங்க நல்லதுக்குத்தான் சொல்றீங்க. ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுதுச்சாமே, அதுக்கு இந்த அளவு கண்ணீர் வந்திருக்காது சார்.

அந்த மூட்டைங்களப் பாத்தீங்களா நீங்க? உங்க வண்டிக்குன்னு நாங்க லேத்துல கடைஞ்சு குடுத்த ஒவ்வொரு புஷ்ஷுலயும் செவப்புப் பெயிண்ட இழுத்து விட்டு அனுப்பியிருக்காங்க. ரிஜக்ட்டுன்னா அப்படித்தானாம். இனி அதைப் பெங்களூர்ல ஒருத்தன் வாங்குவானா, கோயமுத்தூர்ல ஒருத்தன் வாங்குவானா? உங்க வண்டி விக்கல, யார்டு நெறைய நிக்குது, அது ஓசூர்ல டீக்கடைக்காரனுக்குக் கூடத் தெரியும். நேரா வந்து, வெங்கடப்பன், இப்ப சரக்கு வேண்டாம், ஆறு மாசம் பொறுத்துக்கோன்னு சொல்லியிருந்தா, இந்த மனுஷன் சரின்னுதான் சொல்லியிருப்பாரு. அப்படி ஒரு மனுஷன். அதுக்குப் பதிலா அவரு வேலையில குத்தம்னீங்க பாருங்க, அதுலதான் உடைஞ்சு போயிட்டாரு.

சிஸ்டர்னு கூப்புடாதீங்க. எனக்கு சிஸ்டர்ன்னா கிருஷ்ணகிரி கான்வென்ட்ல ஸ்கேல் வச்சு முட்டியில அடிச்சவங்கதான் ஞாபகத்துக்கு வருவாங்க. ஆனா ஒண்ணு, அடிச்சாலும் அவங்க ஒரு நல்ல பழக்கம் கத்துக் குடுத்தாங்க. எதுல கையெழுத்துப் போட்டாலும் திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தையும் படின்னாங்க.

உங்க பர்ச்சேஸ் ஆர்டரோட பின்பக்கத்த நான்தான் சார் இவருக்குப் படிச்சு அர்த்தம் சொன்னேன். எறும்பு வரிசை மாதிரி எழுத்து. தகராறுன்னு வந்தா கோர்ட்டுக்குப் போகக் கூடாது, ஆர்பிட்ரேஷன்தான். அந்த நடுவரையும் கம்பெனி எம்.டி.தான் போடுவாரு. அவரு கம்பெனி ஆளுன்னு யாரும் ஆட்சேபனை சொல்லக் கூடாது. அதையும் வெக்கமில்லாம அச்சடிச்சு வச்சிருந்தாங்க. வேண்டாங்க, இதுல கையெழுத்துப் போடாதீங்கன்னேன். இவரு சிரிச்சாரு. உத்தனப்பள்ளியில இவங்க பெரியப்பா வரப்புத் தகராறுல பெத்த மகனுக்கு எதிராவே ஞாயம் சொன்னவராம். நடுவுல உக்காந்துட்டா மனுஷன் மாறிடுவான் சரோஜா, அப்படின்னாரு. எந்த ஊரு நெனப்புல எந்த ஊருக்குக் கையெழுத்துப் போட்டாரு பாருங்க.

கடைசியில என்ன ஆச்சு? தர்மபுரி வக்கீல்கிட்ட போனோம். பின்பக்கத்தப் படிச்சுட்டு, கோர்ட்டு உங்களத் திருப்பி அங்கதான் அனுப்பும், அலைய வேண்டாம்னுட்டாரு. வந்தாரு நடுவர், உங்க கம்பெனியிலயே ரிடையர் ஆனவரு. உங்க கம்பெனி காரு, உங்க கெஸ்ட் ஹவுசு, மத்தியானம் உங்க வக்கீலோட உக்காந்து சாப்பாடு. நாங்க ரெண்டு பேரும் வெளிய புங்கமரத்துக்குக் கீழ தயிர்சாதத்தப் பிரிச்சோம். வேலிக்கு ஓணான் சாட்சின்னு சொல்லுவாங்க. இங்க ஓணானே தீர்ப்பும் சொல்லப் போகுதுன்னேன். இவரு மெதுவாப் பேசுன்னாரு.

ஆனா உள்ளதைச் சொல்லணும். அந்த நடுவர நான் நெனச்ச அளவுக்கு மோசம்னு சொல்ல மாட்டேன். எங்க சாம்பிள் பைய எடுத்து மேசையில வச்சாங்களே, அப்பக் கேட்டாரே ஒரு கேள்வி. நீங்களும் அங்கதான இருந்தீங்க.

இருங்க, பழத்தத் தட்டுல வைக்கறேன். கொட்டைய நான் எடுத்துக்கறேன்.

ஆர்டர் ஆரம்பிக்கறப்ப திம்மப்பன் கடைஞ்ச மொத ரெண்டு புஷ்ஷையும் நீங்க ஓகே பண்ணீங்க. ஆளுக்கொண்ணுன்னு துணிப்பையில போட்டு, வாயக் கட்டி, அரக்கு ஊத்தி, மேல கம்பெனி சீல் வச்சோம். சரக்குல சந்தேகம்னா அந்தப் பைய ரெண்டு பேரும் சேந்து பிரிக்கணும்னு பேச்சு. உங்க பை தொலைஞ்சு போச்சு. எங்க பை இருந்துச்சு, ஆனா அரக்கு உடைஞ்சிருந்துச்சு. உங்க வக்கீல் அதைத் தூக்கிக் காட்டினாரே, செத்த எலிய வாலப் புடிச்சுத் தூக்கற மாதிரி.

அப்பத்தான் நடுவர் கண்ணாடியக் கழட்டிட்டுக் கேட்டாரு. இந்த சீல உடைச்சது யாரு? கம்பெனிக்குத் தெரிஞ்சு உடைச்சதுன்னா, இந்த பீஸையும் ரிஜக்ட் மூட்டையில இருக்கற பீஸையும் பக்கத்துல வச்சு அளந்துட்டுத் தீர்ப்பு எழுதறேன். கம்பெனிக்குத் தெரியாம நீங்களா உடைச்சிருந்தா, இது எந்தப் பீஸோ, நான் தொட மாட்டேன். அவ்வளவுதான். மொத்தக் கேஸும் அந்த ஒத்தக் கேள்வியில வந்து நின்னுச்சு. அளந்தா நாங்க ஜெயிச்சோம் சார். திம்மப்பன் கை அது.

எங்க வீட்டுக்காரரு தலையக் குனிஞ்சாரு. நான்தாங்க வெட்டினேன், ஆயுத பூஜைக்குன்னாரு.

உங்க வக்கீல் சிரிச்சாரு. சிரிக்கட்டும், அவருக்கு என்ன தெரியும். எந்த ஆர்டரா இருந்தாலும் மொதல்ல கடைஞ்ச பீஸு எங்க ஷெட்டுல சாமிகிட்ட போகணும். லேத்துக்குப் பொட்டு வைக்கறதுக்கு முன்னால அதுக்குத்தான் சந்தனம், குங்குமம். அந்த வருஷம் மொத பீஸு பைக்குள்ள இருந்துச்சு. பை மேலயே பொட்டு வச்சுடலாம்னுதான் இவரு சந்தனத்தக் குழைச்சாரு. உங்களத்தான் பெரிய மனுஷன்னு கூப்பிட்டு, மாலையப் போட்டு, முன்னால நிக்க வச்சிருந்தோம். சுண்டலை ரெண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டீங்க. சுண்டல் அவிச்ச எங்க ஷெட்டுப் பாப்பம்மா அடுத்த வருஷமும் சாருக்குன்னு தனியா எடுத்து வச்சா. நீங்கதான் வரல.

எடுத்துக்கோங்க சார். ஏன், பழம் புளிக்குதா?

என்ன, கத்தியப் பாக்கறீங்க? அதேதான். எலுமிச்சம்பழம் வெட்டறதுக்கு நான் கொண்டாந்து வச்சிருந்தேனே, நீங்க என் கையிலருந்து வாங்கி அரக்கை வெட்டினீங்களே, அந்தக் கத்திதான். சாமிக்கு யாராவது மூட்டை மேல பொட்டு வைப்பாங்களா வெங்கடப்பன்னு சொல்லிச் சிரிச்சீங்க. நாளைக்கே கம்பெனி சீல் கொண்டாந்து நானே மறுபடி வச்சுத் தரேன்னீங்க. பீஸைக் கையில எடுத்து நீங்கதான் குடுத்தீங்க, இவரு பொட்டு வச்சாரு.

அன்னிக்குக் கெஸ்ட் ஹவுசுலருந்து வீடு வந்தோம். வாசல்ல வச்சுத்தான் கேட்டேன், ஏங்க அப்படிச் சொன்னீங்கன்னு. நம்ம பூஜைக்கு வந்த விருந்தாளி சரோஜா, மாலை போட்ட கழுத்து, நாம காட்டிக் குடுக்கக் கூடாது, அவருக்கு வேலை போயிடும்னாரு. சொல்லணும்னு இருந்தா அவரே சொல்லியிருப்பாருன்னாரு. நடுவர் அந்தக் கேள்வியக் கேட்டப்ப நீங்க பக்கத்து நாற்காலியில உக்காந்துக்கிட்டு ஃபேனைப் பாத்துக்கிட்டிருந்தீங்க.

நான் சொல்லியிருப்பேன் சார். நான் அவ்வளவு நல்லவ இல்ல. எழுந்தும் நின்னேன். சாட்சியா நான் பேர் குடுக்கல, உக்காரும்மான்னுட்டாங்க.

நாளைக்குக் காலையில கடைசி விசாரணை. அதுக்குள்ள வாபஸ் வாங்க வைக்கணும்னுதான வந்திருக்கீங்க? கேள்வி மறுபடி வந்துடுமோன்னு.

வாபஸ் வாங்க மாட்டோம். தோத்துட்டுப் போறோம், பரவால்ல. ஷெட்டு போகட்டும். ஆனா சொந்த சாம்பிளத் திருட்டுத்தனமா மாத்தினவன்னு தீர்ப்புல எழுதிடுவாங்க சார். அப்புறம் இந்த ஓசூர்ல ஒருத்தன் இவருகிட்ட ஒரு நட்டு வாங்க மாட்டான். அந்த ஸ்டூல்லருந்து இவரு எழுந்திருக்கவே மாட்டாரு.

அதனால ஒண்ணு கேக்கறேன். நான் யார்கிட்டயும் எதையும் கேட்டுப் பழக்கமில்ல, அதனால இது நல்லா வராது. நாளைக்கு நீங்க எழுந்து நின்னு, நான்தான் வெட்டினேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. வேற எதுவும் வேண்டாம். சொல்றீங்களா?

கோவிந்தன் சார். செருப்பு அப்புறம் மாட்டிக்கலாம். சொல்றீங்களா?