அவர் லேப்டாப்புக்கு எந்த சிஸ்டம்

கிள்ளானிலிருந்து வந்த கொமுட்டர் ரயிலில் எனக்கு எதிர் சீட்டில் இரண்டு பெண்கள். இளையவர் மடியில் ஒரு லேப்டாப் பை.

"லேப்டாப் நல்லாத்தான் ஓடுது அக்கா. ஆனா ஆயுசு முடிஞ்சு போச்சாம்," என்றார் இளையவர்.

"யாரு சொன்னா?"

"பிரிக்பீல்ட்ஸ் கம்ப்யூட்டர் கடைக்காரரு. புது விண்டோஸ் இந்த மெஷின்ல ஏறாதாம். பழசையே வச்சிருந்தா இனி பாதுகாப்பு இல்லையாம். புதுசா ஒண்ணு வாங்குங்க, இல்லன்னா இதுலயே லினக்ஸ் போட்டுத் தரேன், அது ஃப்ரீங்கறாரு. புதுசு வாங்க இப்ப எங்க முடியும்?"

"அப்ப லினக்ஸ் போட்டுக்க லா. எங்க ஆபீஸ்ல ஒருத்தர் அதத்தான் வச்சிருக்காரு."

"எனக்குன்னா பரவால்ல. இது என் வீட்டுக்காரரோடது. ஸ்ட்ரோக் வந்தப்புறம் இடது கையால பழகினாரு. எது எங்க இருக்குன்னு பிடிபடவே ரெண்டு வருஷம் ஆச்சு. இப்பத்தான் கோயில் நோட்டீஸெல்லாம் அவரே அடிக்கிறாரு."

"அவரு என்ன சொல்றாரு?"

"போடு, கத்துக்கிறேன்னு சிரிக்கிறாரு."

"அப்புறம் என்ன?"

இளையவர் பையின் ஜிப்பை இழுத்து மூடினார்.

"அவரு கத்துக்குவாரு அக்கா. பக்கத்துல உட்கார்ந்து திரும்பவும் முதல்லேர்ந்து சொல்லித்தர எனக்குத்தான் தெம்பு இல்ல."

அக்கா அந்தப் பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

கேஎல் சென்ட்ரல் வந்ததும் இருவரும் எழுந்தார்கள்.

"சரி, எதப் போடச் சொல்லப்போற?"

"லினக்ஸ்தான். ஆனா ஒரு வாரம் கடையிலயே வச்சிருங்கன்னு சொல்லப்போறேன்."

"ஒரு நாள் வேலைதானே அது?"

"ஆமா. மிச்ச நாள்ல நான் கொஞ்சம் மூச்சு விட்டுக்கிறேன். அவருகிட்ட சொல்லிடாதீங்க."